மூன்றாம் ஓலை

தேவாலயத்து உபதேசியார் பாக்கியமுத்து, போதகர் ரூத்தம்மாளிடம் வேதம் படித்துவந்தார். அம்மாவுக்கு அவரைவிட ஏழு வயது குறைவு. அதில் அவருக்கு வருத்தமில்லை. அவரிடம் கேள்விக்குத்தான் பஞ்சமே இல்லை.

ஒரு புதன்கிழமை கேட்டார்.

"அம்மா, சிநேகிதன் நம்பிச் சொன்ன ரகசியத்தைக் காப்பாத்துறதுதானே உண்மையான சிநேகம்?"

"என்ன ரகசியம்?"

"ஒருத்தனுக்கு வலிப்பு உண்டு. பொண்ணு வீட்டுக்குத் தெரியாது. இதைச் சொல்லித்தான் முன்னால ரெண்டு சம்பந்தம் முறிஞ்சுது. நாப்பத்தோரு வயசாச்சு. இதுவும் போச்சுன்னா ஆளு உடைஞ்சிருவான்."

பெயரை மட்டும் பத்திரமாக மறைத்துவிட்டார். திருமண அறிவிப்பை அந்தச் சபையில் ஓலை என்பார்கள். மூன்று ஞாயிறு வாசிக்க வேண்டும். அந்த மாதம் வாசிக்கப்பட்டது ஒரே ஒரு ஓலைதான், எட்வினுக்கும் தையல் டீச்சர் ஜெபக்கனிக்கும். இரண்டு வாரம் முடிந்திருந்தது.

அம்மா ஓலைப் புத்தகத்தை எடுத்து அவர் கையில் கொடுத்தார்.

"மூணாம் ஓலையை நீங்க வாசிங்க."

பாக்கியமுத்து வீட்டில் வாசித்துப் பார்த்தார். 'இந்த விவாகத்துக்குத் தடை ஏதும் அறிந்தவர்கள் இப்போதே சொல்லவும்' என்ற இடத்துக்கு வந்ததும் நாக்கு ஒட்டிக்கொண்டது. மூன்று நாளும் அப்படியே.

சனிக்கிழமை காலையில் எட்வின் வீட்டுக்குப் போனார்.

"அவகிட்ட நீயே சொல்லிரு. நானும் கூட வாரேன்."

"ஏலே, நீயெல்லாம் ஒரு சிநேகிதனா?" என்று எட்வின் கத்தினான். மத்தியானம் வரை முகம் கொடுத்துப் பேசவில்லை. பாக்கியமுத்து இடத்தைவிட்டு நகரவும் இல்லை. ஜெபக்கனி ஊருக்குப் போகும் இரண்டு மணி பஸ்ஸில் இருவரும் ஏறினார்கள்.

ஜெபக்கனி முழுவதையும் கேட்டாள். கோபத்தில் முகம் சிவந்துவிட்டது.

"ஓலை வாசிக்க முந்தியே சொல்லியிருக்கணும்," என்றாள். எட்வின் தலையைக் குனிந்துகொண்டான். அவள் நாற்காலியை அவன் பக்கம் இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். "சரி, வலிப்பு வந்தா நான் என்ன செய்யணும்?"

எட்வினுக்கு அழுகைதான் வந்தது. ஒருக்களித்துப் படுக்க வைப்பதிலிருந்து எல்லாவற்றையும் பாக்கியமுத்துதான் சொல்லிக்கொடுத்தார்.

ஞாயிறு அன்று ஓலை கணீரென்று ஒலித்தது. ஆராதனை முடிந்ததும் அவர் அம்மாவிடம் வந்து நடந்ததைச் சொன்னார். கேள்வி இன்னும் தீரவில்லை.

"அம்மா, ஒருவேளை அவ வேண்டாம்னு சொல்லியிருந்தா? எங்க சிநேகம் என்ன ஆகியிருக்கும்?"

அம்மா புத்தகத்தை வாங்கி வைத்தார்.

"திரும்பி வாற பஸ்ல எட்வின் பக்கத்துல யாரு உட்கார்ந்து வந்திருப்பா, உபதேசியாரே?"