களிமண் நாரை அடைகாத்த கதை

யூப்ரடீஸ் ஆறு கடலைத் தொடும் இடத்தில் ஒரு பெரிய நாணற்காடு இருந்தது. அங்கே குபார் என்ற ஆண் நாரையும் நின்சா என்ற பெண் நாரையும் குடித்தனம் நடத்தின. கூட்டில் மூன்று முட்டைகள். இளநீல நிறம். அடடா, அவ்வளவு அழகு!

இரண்டு பேரும் முறை வைத்து அடைகாத்தார்கள். காலையில் நின்சா உட்காருவாள். உச்சிப்பொழுதில் குபார் வந்து உட்கார வேண்டும். அவள் தூரத்து ஏரிக்குப் போய் மீன் பிடித்துவிட்டு, பொழுது சாயத் திரும்புவாள். பனிக்காலம் இன்னும் போகவில்லை. வாடைக்காற்று பட்டப்பகலிலும் சில்லென்று அடித்தது.

குபார் கெட்டவன் இல்லை. முதலிலேயே சொல்லிவிடுகிறேன், அவனைத் திட்டாதீர்கள். பாவம், அவனுக்கு இருந்தது ஒரே ஒரு பலவீனம். பாட்டு! பக்கத்து நகரத்தில் சுமேரியர்கள் மண் செங்கல்லைப் படிப்படியாக அடுக்கி, மலை மாதிரி ஒரு கோயில் கட்டியிருந்தார்கள். தினமும் மதியம் அங்கே யாழ் வாசிப்பார்கள். அந்தச் சத்தம் காற்றோடு வந்துவிட்டால் குபாருக்குக் கால் தரையில் பாவாது. ஆனால் மதியம் அவன் முறை. என்ன செய்வான்?

ஒருநாள் காலை குபார் அந்தக் கோயில் ஜன்னலில் போய் உட்கார்ந்தான். உள்ளே லுபாட் என்ற விவசாயி ஒரு கல் பொம்மையோடு வந்தார். கை கூப்பி நிற்கும் பொம்மை. கண் மட்டும் முட்டை முட்டையாக இருந்தது.

"சாமி! எனக்கு வயல்ல வேலை தலைக்கு மேல கிடக்கு. எனக்குப் பதிலா இவன் உன் முன்னால நின்னு கும்பிட்டுக்கிட்டே இருப்பான். கோவிச்சுக்காதே!" என்றார் லுபாட். பொம்மையை வைத்துவிட்டுக் கிளம்பினார். போனது வயலுக்கு இல்லை, நேராகக் கள்ளுக்கடைக்கு!

குபார் எட்டிப் பார்த்தான். சுவர் ஓரமாக அதே மாதிரி முப்பது நாற்பது பொம்மைகள். ஒவ்வொன்றும் ஒருவருக்குப் பதிலாகக் கும்பிட்டுக்கொண்டு நின்றது.

"அட! சாமிக்கே பொம்மை போதும்னா, முட்டைக்குப் போதாதா!" என்று துள்ளினான் குபார்.

நேராகத் தன் சிநேகிதன் கூசு ஆமையிடம் பறந்தான். நாள் முழுக்கச் சேற்றில் கிடக்கிற கூசுவுக்குக் களிமண் வேலை அத்துப்படி.

"கூசு! என்னை மாதிரியே ஒரு நாரை செஞ்சு கொடுப்பா!"

"எதுக்கு?"

"நான் இல்லாதப்ப கூட்டுல உட்கார."

"நீ இல்லாதப்ப நீ எங்கேய்யா இருப்பே?"

"கோயில்ல, பாட்டுக் கேட்டுக்கிட்டு!"

"உன் பெண்டாட்டிக்குத் தெரியுமா?"

"தெரிஞ்சா நான் ஏன்டா உன்கிட்ட வரப்போறேன்!"

கூசு விழுந்து விழுந்து சிரித்தது. ஆனாலும் செய்து கொடுத்தது. நாணலில் கழுத்து, களிமண்ணில் உடம்பு, பளபளவென்று இரண்டு சிப்பிக் கண்கள். முட்டை நசுங்காமல் இருக்க வயிற்றைக் குடைந்து, கூட்டின் விளிம்பில் உட்காரும்படி அமைத்தது.

மறுநாள் மதியம் நின்சா கிளம்பியதும் குபார் பொம்மையைக் கூட்டின் மேல் வைத்தான். நாணலுக்குள் ஒளிந்துகொண்டு பார்த்தான். கொஞ்ச நேரத்தில் நரி வந்தது.

"அண்ணே, சௌக்கியமா?" என்றது நரி.

பதில் இல்லை.

"சும்மா இந்தப் பக்கம் வந்தேன், அவ்வளவுதான்!"

அதற்கும் பதில் இல்லை. சிப்பிக் கண்கள் முறைத்தது முறைத்தபடி இருந்தன.

"ஐயோ, இமைக்கவே மாட்டேங்கிறாரே! இன்னைக்கு ஆள் சரியில்லை!" என்று நரி பின்னங்கால் பிடரியில் பட ஓடிற்று.

குபாருக்குச் சிரிப்பு தாங்கவில்லை. "என்னைவிட என் பொம்மை கெட்டிக்காரன்!" என்று கோயிலுக்குப் பறந்தான். பொழுது சாயும் முன் திரும்பி, பொம்மையைப் புதருக்குள் தள்ளிவிட்டுத் தான் உட்கார்ந்துகொண்டான்.

"முட்டை எப்படி இருக்கு?" என்று கேட்டாள் நின்சா.

"ஒரு குறையும் இல்ல! நரியே கும்பிடு போட்டுட்டு ஓடிடுச்சு!"

மூன்று நாள் இப்படியே போயிற்று. நான்காம் நாள் கோயிலில் திருவிழா. யாழோடு முழவும் சேர்ந்துகொண்டது. குபார் தன்னை மறந்தான்.

அன்றைக்குப் பார்த்து நின்சா சீக்கிரமே திரும்பிவிட்டாள்.

"என்னங்க, முட்டையைத் திருப்பி வச்சீங்களா?"

பதில் இல்லை.

"கோபமா? உங்களுக்குப் பிடிச்ச கெண்டை கொண்டாந்திருக்கேன்."

பேச்சே இல்லை. நின்சா செல்லமாக அலகால் ஒரு தட்டுத் தட்டினாள். பொம்மை சாய்ந்து தண்ணீருக்குள் தொப்பென்று விழுந்தது. அவளுக்கு உயிரே போய்விட்டது. முட்டைகளைத் தொட்டாள். மூன்றும் சில்லிட்டிருந்தன. ஈரக் களிமண்ணும் வாடைக்காற்றுமாக எத்தனை நேரம் கிடந்தனவோ! சட்டென்று சிறகை விரித்து மேலே அமர்ந்தாள்.

குபார் பாட்டை முணுமுணுத்தபடி வந்து இறங்கினான். அவளைப் பார்த்ததும் நாக்குக் குழறிற்று.

"நின்சா, அது வந்து... பொம்மை நல்லாத்தான் காவல் காத்துச்சு! நரி ஒரு நாள்கூடக் கிட்ட வரலையே!"

நின்சா திட்டவில்லை. ஓரமாக நகர்ந்தாள். "தொட்டுப் பாருங்க" என்றாள்.

குபார் தொட்டான். சட்டென்று அலகை இழுத்துக்கொண்டான்.

"நரி வரலைங்க. குளிர் வந்துச்சு" என்றாள் நின்சா.

"விடு, கண்ணு. நான் உட்காருறேன்" என்றான் குபார்.

அப்புறம் அவன் எழுந்திருக்கவே இல்லை. தன் முறைக்கும் உட்கார்ந்தான், அவள் முறைக்கும் உட்கார்ந்தான். மதியமானால் யாழ்ச் சத்தம் வந்தது. அவன் தலையைக்கூடத் தூக்கவில்லை. நின்சா மீனைக் கொண்டுவந்து வாயில் கொடுத்தால்தான் சாப்பிட்டான்.

எட்டாம் நாள் ஒரு முட்டை பொரிந்தது. ஒன்பதாம் நாள் இன்னொன்று. "கீச்! கீச்!" என்று இரண்டு குஞ்சுகள் அவன் முதுகில் ஏறி விளையாடின. நின்சா சந்தோஷத்தில் அழுதாள்.

மூன்றாவது முட்டை அப்படியே இருந்தது.

பத்தாம் நாள் போயிற்று. பன்னிரண்டாம் நாளும் போயிற்று.

"போதுங்க. அது வராது. எழுந்து வாங்க" என்றாள் நின்சா மெதுவாக.

"இன்னும் கொஞ்ச நேரம்" என்றான் குபார்.

அவள் குஞ்சுகளைச் சிறகுக்குள் அணைத்துக்கொண்டு அவன் பக்கத்திலேயே உட்கார்ந்தாள்.

பெற்றவருக்குப் பதிலாகக் காவல் நிற்க எத்தனை பொம்மை வேண்டுமானாலும் கிடைக்கும். பெற்றவரின் சூட்டைக் கொடுக்க ஒரு பொம்மையும் கிடையாது.