கதவைத் தலையில் சுமந்த விதை

அந்தக் காலத்தில் விதைகளுக்கும் வாய் இருந்தது. அது மட்டுமல்ல, ஊர்க்காரர்களைவிட மரியாதையும் கூடுதலாகவே இருந்தது. யார் வந்து "இருக்கறயா?" என்று கேட்டாலும், விதை தன் மேலோட்டைக் கதவுபோலத் திறந்து, "இருக்கறேனுங்க" என்று பதில் சொன்ன பிறகுதான் மூடிக்கொள்ளும்.

அப்போது வானம் பார்த்த ஒரு மேட்டாங்காட்டு ஊரில் அங்காத்தாள் என்று ஒருத்தி இருந்தாள். அம்மன் கோயிலுக்குப் பூக் கொடுக்கும் உரிமை அவள் வீட்டுக்கு உரியது. ஆனால் போன வருடம் பூச்சாட்டு அன்று, அதாவது நோம்பித் திருவிழா தொடங்குகிறது என்று அம்மனுக்குப் பூ வைத்து ஊருக்குச் சொல்லும் நாளில், அவள் கொண்டுபோன பூவெல்லாம் தட்டில் வைக்குமுன்னே வாடித் தொங்கிவிட்டது. "அடுத்த வருசமும் இப்படின்னா வேற ஊட்டுக்குக் குடுத்தர்றோம்" என்று பூசாரி முகத்துக்கு நேரே சொல்லிவிட்டார். அன்றிலிருந்து அங்காத்தாளுக்குச் சோறு இறங்கவில்லை.

அவள் படும் பாட்டைப் பார்த்துவிட்டு ஒரு கிளி ஏழு சூரியகாந்தி விதைகளைக் கொண்டுவந்து போட்டது.

"அறுத்து வெச்சாலும் அஞ்சாறு நாளைக்கு வாடாத பூ, அம்மிணி. அறுவது நாள்ல வந்துரும். ஈரம் காயாமப் பாத்துக்க. வேற ஒண்ணும் பண்ணாத."

பூச்சாட்டுக்குச் சரியாக அறுபது நாள்தான் இருந்தது. அங்காத்தாள் அன்றே ஏழு குழி போட்டு ஊன்றினாள். ஒன்றும் பண்ணாமல் இருப்பதுதான் அவளுக்கு வராத வேலை. மறுநாளே முதல் குழியைக் கிளறி, "இருக்கறயா கண்ணு?" என்று கேட்டாள். பாவம், மரியாதை தெரிந்த விதை. கதவைத் திறந்து "இருக்கறேனுங்க" என்றது. அப்பாடா என்று மண்ணை மூடினாள். கொஞ்ச நேரத்தில் மறுபடியும் சந்தேகம். நிஜமாகவே பதில் சொன்னதா, தன் காதுதான் ஏமாற்றியதா என்று போய் இன்னொரு தரம் கேட்டாள். அப்புறம் இன்னொரு தரம். சாயங்காலத்துக்குள் அந்த விதை பதில் சொல்வதை நிறுத்திவிட்டது. பதறிப்போய் அடுத்த குழிக்கு ஓடினாள்.

ஆறாம் நாள் பார்த்தால் ஆறு குழிகள் பேச்சு மூச்சில்லாமல் கிடந்தன. ஏழாவதில் கை வைக்கப் போனபோது கிளி பறந்து வந்து அவள் கையைக் கொத்தியது.

"நில்லு அம்மிணி! ஒவ்வொருக்கா கதவத் தொறக்கறப்பவும் உள்ளாற இருக்கற ஈரம் காஞ்சு போகுது. கேட்டுக் கேட்டே ஆறையும் கொன்னுபோட்டியே!"

அங்காத்தாள் அப்படியே மண்ணில் உட்கார்ந்து அழுதாள். "இதுவும் செத்துக் கெடந்தா எனக்கு எப்படித் தெரியும்?"

"தெரியாது. தெரியாமத்தான் இருக்கோணும்" என்றது கிளி.

கேள்வி தொண்டை வரைக்கும் வந்தது. முந்தானையை வாயில் திணித்துக்கொண்டு இரண்டு நாள் அந்தக் குழியையே சுற்றிச் சுற்றி வந்தாள்.

உள்ளே இருந்த விதைக்கோ அவளைவிடப் பயம். பக்கத்துக் குழிகள் ஒவ்வொன்றாக அடங்கியதை அது கேட்டுக்கொண்டுதானே இருந்தது. கேட்டால் கதவைத் திறந்தே ஆக வேண்டும்; கண்ணுக்குத் தெரிந்துவிட்டால் அவள் கேட்கவே வேண்டியதில்லை. யோசித்து யோசித்து, கடைசியில் அது கதவையே பெயர்த்து, தலையில் இறுகக் கவிழ்த்துக்கொண்டு மண்ணை முட்டி வெளியே வந்தது.

அங்காத்தாளுக்குச் சந்தோஷம் ஒரு நிமிஷம்தான் நீடித்தது. ஓட்டின் கனத்தில் முளையின் கழுத்து வளைந்திருந்தது. எடுத்துவிட்டால் என்ன என்று அவள் கை நீண்டது.

"தொடாதீங்க. இதப் புடுங்குனா எலையும் சேந்து பிஞ்சுரும். நேரம் வந்தா நானே கழட்டிப் போட்டர்றேன்" என்று ஓட்டுக்குள்ளிருந்து குரல் வந்தது.

அவள் கையை மடக்கிக்கொண்டாள். அவள் வாழ்நாளில் செய்த கஷ்டமான காரியம் அதுதான். இரண்டு நாளில் ஓடு தானாக விழுந்தது.

செடி ஆளுயரம் வளர்ந்தது. ஆனால் பூச்சாட்டு அன்று விடிந்தபோதும் மொட்டு விரியவில்லை. ஒன்றிரண்டு இதழ்களின் நுனி மட்டும் மஞ்சளாக எட்டிப் பார்த்தது. வேறு வழியில்லாமல் அப்படியே அறுத்துக்கொண்டு கோயிலுக்குப் போனாள்.

"போன வருசம் வாடுன பூ. இந்த வருசம் பூக்காத பூவா?" என்றார் பூசாரி. கூட்டம் சிரித்தது. அங்காத்தாள் மொட்டைத் தட்டில் வைத்தாள். அத்தனை நாளாக அடக்கி வைத்திருந்த கேள்வி அவளை மீறி வெளியே வந்துவிட்டது.

"இருக்கறயா கண்ணு?"

கேட்ட பிறகுதான் நாக்கைக் கடித்துக்கொண்டாள். ஆனால் அதுவும் மரியாதை தெரிந்த பூ. ஒவ்வொரு இதழாகத் திறந்து, தட்டு நிறைய விரிந்து, "இருக்கறேனுங்க" என்றது.

அன்று முதல்தான் சூரியகாந்தி முளை தன் ஓட்டைத் தலையில் சுமந்துகொண்டு வெளியே வருகிறது. பூவுக்காக அதை வளர்ப்பவர்கள் ஊன்றிய குழியைக் கிளறிப் பார்க்காமல் இருப்பதும், இதழ் நுனி எட்டிப் பார்க்கும்போதே அறுத்துக்கொண்டு போய், மீதி இதழை விரியச் சொல்லிப் பூ போய்ச் சேரும் இடத்தில் கேட்டுக்கொள்வதும் அன்று முதல்தான்.