மலைக்கு அந்தப் பக்கத்துப் புகை

"கரடியண்ணன் கடையில் புகையே காணோம். கட்டில் மட்டும் எப்படியடி இப்படிக் குவிகிறது?"

ஒரு காட்டில், புங்கமரத்தில் இருந்த அணில் ஒன்று இன்னோர் அணிலிடம் இப்படிக் கேட்டது. கீழே ஓடையில் நின்றிருந்த கொக்கின் காதில் அது விழுந்தது. கொக்கு கூச்சம் மிகுந்தது. யாரிடமும் அதிகம் பேசாது; ஆனால் எதையும் பார்க்காமல் விடாது.

அந்தக் காட்டில் கரடி பெரிய மரச்சாமான் கடை வைத்திருந்தது. கட்டில், நாற்காலி, ஊஞ்சல் எல்லாம் அங்கே கிடைக்கும். ஈர மரத்தில் கட்டில் செய்தால் கோணிக்கொள்ளும் அல்லவா? அதனால் பலகைகளைச் சூளையில் அடுக்கி, தீ மூட்டி உலர்த்துவார்கள். அந்தப் புகையில் காடே இருமியது.

ஒவ்வோர் ஆண்டும் கொன்றை பூக்கும் நாளில் கரடி முக்காலிமேல் ஏறி நிற்கும். "அடுத்த கொன்றைக்குள் புகையைக் குறைத்துக் காட்டுகிறேன்!" என்று முழங்கும். எல்லாரும் கைதட்டுவார்கள்.

அதைச் சோதிப்பது கொக்கின் வேலை. அன்று காலை முதல் அது கடைவாசலில் நிற்க வேண்டும். மாலையில் காட்டுத் தலைவரான யானை வந்து அதன் இறகைப் பார்க்கும். எந்த ஆண்டும் இறகு வெள்ளையாக இருந்ததில்லை. கரடி மறுபடியும் முழங்கும். மறுபடியும் கைதட்டல். கொக்கு மறுபடியும் ஓடையில் இறங்கி, இறகைத் தேய்த்துத் தேய்த்துக் கழுவும். அதற்கு அலுத்துப் போயிற்று.

யானைக்கும் அலுத்துப் போயிற்று. "இன்னொரு முறை இறகு கறுத்தால் கடையை மூட வேண்டியதுதான்" என்று போன முறை சொல்லிவிட்டது.

இந்த ஆண்டுக் கொன்றை நாளுக்கு இன்னும் ஒரு நாளே இருந்தது. கடைவாசலில் துளிப் புகை இல்லை. ஆனாலும் அணில் கேட்டது கொக்கின் மனத்தைக் குடைந்தது. எருமைகள் பலகை இழுத்து வரும் தடத்தைப் பார்த்துக்கொண்டே அது மலையைத் தாண்டிப் பறந்தது.

அந்தப் பக்கம், பழையவற்றைவிடப் பெரிய சூளைகள் எரிந்துகொண்டிருந்தன. ஓநாய் விறகைத் தள்ளிக்கொண்டிருந்தது. அருகே ஒரு மரத்தில் ஆண் இருவாச்சிப் பறவை ஒன்று, அத்திப்பழத்தைப் பொந்துக்குள் ஊட்டிக்கொண்டிருந்தது. பொந்தின் வாய் மண் பூசி அடைக்கப்பட்டிருந்தது. சிறு பிளவு மட்டுமே இருந்தது.

"உள்ளே யார்?" என்று கேட்டது கொக்கு.

"என் வீட்டுக்காரி. குஞ்சும் இருக்கிறது."

"இந்தப் புகையிலா? வேறு மரத்துக்குப் போகக் கூடாதா?"

"எங்கள் வழக்கம் உனக்குத் தெரியாதா, அக்கா? குஞ்சுக்கு இறகு முளைக்கும்வரை அவள் வெளியே வரமாட்டாள். நேற்று குஞ்சு பசிக்குக் கத்தியது. இன்று கத்தவில்லை. இருமுகிறது."

கொக்கு நேரே கரடியிடம் போனது. "முதலாளி, மலைக்கு அந்தப் பக்கம் புகை..."

"அது என் சூளையா? ஓநாயின் சூளை!" என்றது கரடி. "நான் பலகை வாங்குகிறேன், அவ்வளவுதான்."

பக்கத்தில் இருந்த கடைக் கணக்குப்பிள்ளை நரி கொட்டாவி விட்டது. "முதலாளி வாக்குக் கொடுத்தது இந்த வாசலுக்குத்தானே, கொக்கம்மா? மனசு கேட்கவில்லை என்றால், ஒரு கட்டிலுக்கு ஒரு மரக்கன்று நடச் சொல்கிறேன். போதுமா?"

"கன்று வளர்ந்து, அதில் பொந்து உண்டாகும்வரை இருவாச்சி எங்கே இருக்கும்?"

"உனக்கென்ன வந்தது? உன் இறகு இந்த ஆண்டு பளபளவென்று இருக்கும். சந்தோஷமாக வந்து நில்!"

கொக்கு மலைப் பக்கம் திரும்பிப் பார்த்துவிட்டுப் பறந்தது.

மறுநாள் மாலை கடைவாசலில் தோரணம் ஆடியது. யானை வந்தது. கொக்கைக் காணோம்.

"அக்கா விடியற்காலையிலேயே மலைக்கு அந்தப் பக்கம் போய்விட்டார்கள்" என்றது அணில்.

"கொக்கு எங்கே நிற்கிறதோ, அங்கே போய்ப் பார்ப்போம்" என்று யானை திரும்பியது.

"இந்த ஏற்றத்தில் உங்களுக்கு எதற்கு ஐயா நடை? புது ஊஞ்சல் வந்திருக்கிறது, சற்று உட்காருங்கள்!" என்று கரடி பின்னாலேயே ஓடியது. யானை நிற்கவில்லை. எல்லா விலங்குகளும் முணுமுணுத்துக்கொண்டே மலை ஏறின, இருமிக்கொண்டே இறங்கின.

சூளையின் முன்னால் கொக்கு நின்றிருந்தது. காக்கை என்றே மான் நினைத்துவிட்டது.

"உன் இடம் கடைவாசல் அல்லவா?" என்று கேட்டது யானை.

"புகை இடம் மாறிவிட்டது, ஐயா. நானும் மாறிக்கொண்டேன்."

பொந்துக்குள்ளிருந்து மெல்லிய இருமல் கேட்டது. எல்லாரும் கரடியைப் பார்த்தார்கள். கரடி அவசரமாக, வெட்டிய ஓர் அடிமரத்தின்மேல் ஏறியது. "அடுத்த கொன்றைக்குள்..." என்று ஆரம்பித்தது.

யானை அந்தப் பக்கத்து ஓடைக்கு இறங்கிப் போய், துதிக்கை நிறையத் தண்ணீரை உறிஞ்சிக்கொண்டு வந்து, முதல் சூளையின் வாய்க்குள் பீய்ச்சியது.

நீதி: புகையை அடுத்தவர் வீட்டுப் பக்கம் தள்ளிவிடுவது புகையைக் குறைத்ததாகாது.