சத்தமே போடாத கூலர்

நல்லிக்காட்டுவலசு கிளை நூலகத்துக்கு ஒரு வாசகர் வட்டம் உண்டு. வட்டத்தில் மொத்தம் மூன்றே பேர். சென்னியப்பன் தலைவர், பொங்கியண்ணன் செயலாளர், அவிநாசியப்பன் பொருளாளர். சாதா உறுப்பினர் என்று யாரும் இல்லாததால் எந்தத் தீர்மானமும் அங்கே தோற்றது கிடையாது. மூவரும் தங்கமான மனிதர்கள். யார் எதைச் சொன்னாலும் சொன்னபடியே செய்வார்கள். ஊருக்கு வந்த கஷ்டமெல்லாம் அதில்தான்.

நூலகத்தில் ஒரு கம்ப்யூட்டர் இருந்தது. ஊர்ப் பிள்ளைகள் பரீட்சைக்கு விண்ணப்பம் போடுவது அதில்தான். சித்திரை பிறந்ததும் அது மாவுமில் போல இரைய ஆரம்பித்தது. பத்து நிமிஷம் ஓடும், கொதிக்கும், தானாகவே அணைந்துவிடும். அந்த நேரம் பார்த்து மாவட்டத்திலிருந்து ஒரு கடிதம் வந்தது. வெள்ளிக்கிழமை அதிகாரி ஆய்வுக்கு வருகிறார், சரியாகப் பராமரிக்காத கம்ப்யூட்டர் பக்கத்து ஊர் நூலகத்துக்கு மாற்றப்படும் என்று அதில் இருந்தது.

பக்கத்து ஊர் என்றால் புளியங்காட்டுப்புதூர். அந்தப் பெயரைப் படித்ததும் செயலாளருக்குக் கண் கலங்கிவிட்டது.

"புதூர்க்காரனுக்குக் குடுக்கறதுக்கு நம்ம கெணத்துலயே போட்டுப்போடலாமுங்க," என்றார்.

"கெணறு எங்கீங்க ஓடிப்போகுது? மொதல்ல ரிப்பேர் பாக்கலாமுங்க," என்றார் தலைவர்.

நூலகர் ருக்மணி, அந்தக் கட்டடத்தில் சுயபுத்தியோடு இருந்த ஒரே ஆள், ரிப்பேர் பார்க்கும் ஜாபரைக் கூப்பிட்டார். ஜாபர் மூடியைக் கழற்றிக் காட்டினார். உள்ளே பிராசஸர் என்று ஒரு சதுரத் தகடு, கம்ப்யூட்டருக்கு மூளையே அதுதான். வேலை செய்தால் அது சூடாகும். சூட்டை இழுக்க அதன்மேல் ஓர் அலுமினியக் கட்டி, கட்டியின்மேல் ஒரு குட்டி விசிறி. இரண்டும் சேர்ந்ததுதான் கூலர்.

"விசிறி போயிருச்சுங்ணா. ஈரோட்டுல வேற கூலர் வாங்கிக்குங்க. வெலை கம்மியா, சத்தம் போடாததாப் பாருங்க. மாட்டறப்ப தகட்டு மேல சூட்டக் கடத்தற இந்தப் பேஸ்ட்டப் பட்டாணி அளவு வெச்சு அழுத்திருங்க. அவ்வளவுதான். நான் திங்கக்கெழம வரைக்கும் வெளியூருங்க."

"நானே போய் வாங்கிட்டு வந்தர்றனுங்க," என்றார் ருக்மணி. கொள்முதல் என்பது நிர்வாகிகளின் பொறுப்பு என்று உடனே தீர்மானம் போட்டு, மூவரும் பஸ் ஏறிவிட்டார்கள்.

ஈரோட்டில் கடைக்காரர் ஏழு கூலர்களை எடுத்து வைத்தார். பொருளாளர் ஒவ்வொன்றையும் காதில் வைத்து, கண்ணை மூடி, ஒரு நிமிஷம் கேட்டார்.

"ஏழும் சத்தம் போடலீங்க," என்றார்.

"கரண்டு குடுத்தாத்தானுங்க தெரியும்," என்று கடைக்காரர் ஒன்றை ஓடவிட்டார். நல்ல கூலர். லேசாக உஸ்ஸென்றது.

"சும்மா இருந்ததை ஏனுங்க இப்படிக் கெடுத்துப்போட்டீங்க?" என்று கோபித்துக்கொண்டார் செயலாளர்.

தலைவர் இருவரையும் கடை வாசலுக்குக் கூட்டிப்போனார். அங்கேயே அவசரக் கூட்டம் நடந்தது.

"சத்தம் எதுல வருதுங்க?"

"விசிறியிலதானுங்க."

"வெலை எதுனால ஏறுதுங்க?"

"அதும் விசிறியினாலதானுங்க."

"அப்ப விசிறிய விட்டுப்போட்டு வாங்கினா?"

மற்ற இருவரும் தலைவரின் கையைப் பிடித்துக் குலுக்கினார்கள். இத்தனை பெரிய உலகத்தில் இது வேறு ஒருவனுக்கும் தோன்றவில்லையே என்று பொருளாளருக்கு வருத்தமாகவே இருந்தது.

கடைக்காரர் தலைப்பாடாக அடித்துக்கொண்டார். பலிக்கவில்லை. கடைசியில் விசிறியைக் கழற்றி வைத்துக்கொண்டு, கட்டியை மட்டும் விலை குறைத்துக் கொடுத்தார். ஆனாலும் மனசு கேட்கவில்லை அவருக்கு. விசிறியோடு பஸ் ஸ்டாண்டுக்கே ஓடிவந்து, "காசே வேண்டாமுங்க, இதையும் கொண்டுபோயிருங்க" என்று ஜன்னல் வழியாக நீட்டினார். பொருளாளர் அதை வெளியே தள்ளி ஷட்டரை இறக்கிவிட்டார்.

"போணியாகாத சத்தத்த நம்ம தலையில கட்டப் பாக்கறாருங்க," என்றார்.

வியாழக்கிழமை கூலரை மாட்டும் வேலை. ருக்மணி முன்மேசையில் புத்தகம் கொடுத்துக்கொண்டிருக்க, பின்னறையில் பேஸ்ட் குழாயைத் திறந்தார்கள். திறந்த இடத்திலேயே வேலை நின்றது.

"பட்டாணி அளவுன்னாருங்க. எந்தப் பட்டாணிங்க?" என்று கேட்டார் செயலாளர்.

"காஞ்ச பட்டாணிதானுங்க," என்றார் பொருளாளர்.

"பச்சைப் பட்டாணிதானுங்க நல்ல பட்டாணி," என்றார் தலைவர்.

"ஊறுன பட்டாணின்னு ஒண்ணு இருக்குதுங்களே," என்றார் செயலாளர்.

ஓட்டெடுப்பு நடத்தினார்கள். ஆளுக்கொரு பட்டாணிக்கு ஆளுக்கொரு ஓட்டு. வட்டத்தின் வரலாற்றில் முதல் தடவையாக ஒரு தீர்மானம் இழுபறியில் நின்றது. கடைசியில் மூன்றிலும் ஒவ்வொன்று கொண்டுவந்து, தகட்டின்மேல் வரிசையாக வைத்து, பக்கத்தில் அதே அளவுக்குப் பேஸ்ட்டைப் பிதுக்கினார்கள்.

"அளவு பாத்தாச்சு. பட்டாணிய எடுத்தரலாமுங்களா?" என்றார் பொருளாளர்.

"ஜாபர் எடுக்கச் சொன்னாருங்களா?" என்று கேட்டார் தலைவர்.

"சொல்லலீங்க."

"பொறவென்னங்க?"

கட்டியை வைத்துத் திருகாணியை முறுக்கினார்கள். நறுக்கென்றது. கட்டி இரண்டு விரல் உயரம் அதிகம், மூடி மூடவில்லை. நின்றால் உயரமாகத்தான் இருக்கும், படுத்தால் குட்டையாகிவிடும் என்று செயலாளர் கம்ப்யூட்டரைப் படுக்கவைத்தார். உயரம் குறைந்ததாக மூவரும் ஒப்புக்கொண்டார்கள். மூடி மட்டும் ஒப்புக்கொள்ளவில்லை.

சுவிட்சைப் போட்டார்கள். துளிச் சத்தம் இல்லை. தலைவர் கைதட்டினார். நாலாவது நிமிஷம் சுண்டல் வாசம் வந்தது. ஐந்தாவது நிமிஷம் கம்ப்யூட்டர் அணைந்தது. அதற்குப் பிறகு அது எழுந்திருக்கவே இல்லை.

வாசம் பிடித்து ஓடிவந்த ருக்மணி அப்படியே நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். வாசலில் விண்ணப்பத்தோடு நிற்கும் பிள்ளைகளை நினைத்து அவருக்கு அழுகை பொங்கியது.

"செத்தே போச்சுங்களே! நாளைக்கு அந்த ஆபீசர் வந்தா நான் என்னன்னு சொல்றது? புதூருக்குத் தூக்கிட்டுப் போயிருவாங்களே!"

தலைவர் பொறுமையாக அரைமணி நேரம் காத்திருந்து, கட்டியைத் தொட்டுப் பார்த்தார்.

"அம்மணி, சத்தம் இருக்குதுங்களா?"

"இல்லீங்க."

"சூடு?"

"அதுமில்லீங்க."

"அப்பறம் என்னத்துக்கு அழுவறீங்க?"

மறுநாள் காலை பத்தரைக்கு அதிகாரி வந்தார். கையில் ஒரு படிவம். கம்ப்யூட்டரின் பக்கத்தில் காதை வைத்தார். இரைச்சல் என்ற கேள்விக்கு எதிரே 'இல்லை' என்று எழுதினார். தொட்டுப் பார்த்தார். சூட்டுக்கும் 'இல்லை'. விரலால் தேய்த்துப் பார்த்தார். பொருளாளர் விடிந்ததிலிருந்து துடைத்துக்கொண்டிருந்ததால் தூசிக்கும் 'இல்லை'. அதிகாரியின் முகம் மலர்ந்துகொண்டே போனது. நிர்வாகிகள் மூவரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள்.

ருக்மணியால் பொய்யைப் பொறுக்க முடியவில்லை.

"சார், அது ஓடாதுங்க சார்."

அதிகாரி படிவத்தை மேலிருந்து கீழ்வரை படித்தார். திருப்பிப் பின்பக்கமும் பார்த்தார்.

"ஓடுதான்னு இதுல கேள்வியே இல்லையேம்மா," என்றார் அன்பாக.

பத்தாம் நாள் உத்தரவு வந்தது. கம்ப்யூட்டர் பராமரிப்பில் மாவட்டத்திலேயே நல்லிக்காட்டுவலசு முதலிடம். புளியங்காட்டுப்புதூரில் இருப்பது ஆய்வின்போது சத்தமாகவும் சூடாகவும் இருந்தபடியால், அதையும் இனி நல்லிக்காட்டுவலசே வைத்துக் காப்பாற்ற வேண்டும்.

புதூர்க் கம்ப்யூட்டர் வேனில் வந்து இறங்கியபோது செயலாளர் ஆனந்தக் கண்ணீர் விட்டார். ருக்மணி சுவிட்சைப் போட்டார். திரை பளிச்சென்று எரிந்தது. பிள்ளைகள் ஹோவென்று கத்திக்கொண்டு வரிசையில் நின்றார்கள். உள்ளே விசிறி உஸ்ஸென்று சுற்றியது.

தலைவர் காதை வைத்துக் கேட்டார். முகம் வாடிவிட்டது.

"பாவமுங்க புதூர்க்காரங்க. ஒரு பொருள வெச்சுப் பராமரிக்கத் தெரியல," என்றார்.

கால்மணி நேரத்தில் அதையும் பராமரித்துவிட்டார்கள்.