கொடிக்கம்பு நின்ற குழி

வெள்ளைக்காரன் கொடி இறங்கிய வருஷம், ஒரு தெருமுனையில் குழி தோண்டிப் புதுக் கொடிக்கம்பு ஒன்றை நட்டார்கள்.

"இனி நம்ம ஆட்சி. சீக்கிரமே உன்னை மூடி, மேலே நல்ல ரோடு போடுவோம். அதுவரைக்கும் என்னைக் கெட்டியாப் பிடிச்சுக்க" என்றது கம்பு.

குழி நம்பியது. கூட்டம் முடிந்ததும் கம்பைப் பிடுங்கிக்கொண்டு போனார்கள். குழி திறந்தே கிடந்தது.

அடுத்த தேர்தலுக்கு வேறு கொடியோடு ஒரு கம்பு வந்தது. உழைக்கிறவனுக்கே எல்லாம் என்றது. பிற்பாடு, அடியில் அரிவாள் வெட்டு விழுந்த கம்பு ஒன்று வந்து, சாதியும் இல்லை சாமியும் இல்லை என்றது. ஒவ்வொரு தடவையும் குழி, 'போனவன்தான் ஏமாத்திட்டான், இவன் செய்வான்' என்று மண்ணை இறுக்கிப் பிடித்தது.

இந்த வருஷம், இட்லிக் குண்டானைச் சுமந்து வந்த அன்னக்கிளி அந்தக் குழியில் கால்விட்டு விழுந்தாள். வலது கை ஒடிந்தது. அன்றைய இட்லியெல்லாம் சாக்கடையில். குழிக்கு அவமானமாக இருந்தது.

மறுவாரம் ஒரு கம்பு வந்து இறங்கியது. அதன் அடியில் அதே அரிவாள் வெட்டு இருந்தது. குழிக்கு அடையாளம் தெரிந்துவிட்டது.

"அடப்பாவி, போன தடவை வேற கொடியோட வந்தவன் நீதானே?"

"நானேதான். நான் வாடகைக் கம்பு. துணி மாறும்."

"அன்னைக்குச் சாமி இல்லைன்ன. இன்னைக்கு விபூதி பூசிக்கிட்டு வர்ற. வெக்கமா இல்லை?"

"உனக்கு இருந்துச்சா? எவன் வந்தாலும் வாயைப் பிளந்துக்கிட்டுத்தானே கிடந்த?"

குழிக்குச் சுருக்கென்றது. "சரி, என்னை எப்ப மூடுவ? அதைச் சொல்லு."

கம்பு சிரித்தது. "உன்னை மூடிட்டா நான் எங்கடா நிக்கிறது?"

குழி பிடித்திருந்த மண்ணை விட்டது. கம்பு கொடியோடு சாக்கடையில் விழுந்தது.

மறுநாள் காலையில் அன்னக்கிளி கைக்கட்டோடு வந்தாள். இடது கையால் உடைந்த செங்கல் பொறுக்கிப் போட்டு, மண்ணைத் தள்ளி, மிதித்து மிதித்துக் குழியை மூடினாள். இத்தனை கொடிகளும் இத்தனை வருஷம் செய்யாத வேலை அரை மணி நேரத்தில் முடிந்தது.

அவள் வியர்வையைத் துடைப்பதற்குள், கம்பு நடுகிற செங்கேணி அதே கம்போடு வந்து, அதே இடத்தில் கடப்பாரையை ஓங்கினான்.

"யோவ், கண்ணு அவிஞ்சா போச்சு? இப்பத்தான்யா மூடினேன்!"

"தள்ளி நில்லுக்கா. சாயங்காலம் உனக்காகத்தான் கூட்டம். குழியில விழுந்து உன் கை ஒடிஞ்சதுக்கு நியாயம் கேக்கப் போறாங்க."