சீட்டுக்கு அடியில் ஒரு நத்தை

"சாமி, நம்பிக்கையான மெக்கானிக் எங்க கிடைப்பான்?"

சாமி புடலங்காய் நறுக்கிக்கொண்டிருந்தார். நிமிரவில்லை.

மலையடிவாரத்தில் அவருக்கு ஒரு தகரக் கொட்டகை. அங்கே வருகிறவர்கள் பெரும்பாலும் பிறவியைப் பற்றிக் கேட்பார்கள். சிலர் மரணத்தைப் பற்றி. காரைப் பற்றிக் கேட்ட முதல் ஆள் சிகாமணிதான்.

சிகாமணி கூட்டுறவுச் சங்கங்களில் தணிக்கை செய்கிறவர். ஓய்வு பெறும் வயது நெருங்கிவிட்டது. சாமியைவிட மூத்தவர். ஆனாலும் வந்ததும் காலைத் தொட்டுக் கும்பிட்டுவிட்டுத் தரையில் உட்கார்ந்தார். முட்டி சத்தம் போட்டது.

"சித்திரையோட வாரண்டி முடிஞ்சுது சாமி. ஆவணில ஆரம்பிச்சிருச்சு. நல்லாத்தான் போய்க்கிட்டிருக்கும். திடீர்னு நின்னுரும். கொஞ்ச நேரம் கழிச்சு அதுவே கிளம்பும்."

"மாடு மாதிரி."

"மாடுன்னா வாலை முறுக்கலாம் சாமி."

சாமி அடுத்த புடலங்காயை எடுத்தார்.

"வாரண்டி இல்லாம கம்பெனிக்குப் போனா உரிச்சுருவாங்க. அதான் வெளிய காட்டினேன். மூணு பேர்கிட்ட. எல்லாம் ஏமாத்துக்காரப் பயலுக."

"சொல்லுங்க."

"முதல்ல பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால சிக்கந்தர் பாய்னு ஒருத்தர். ரொம்ப நேரம் பார்த்தார். போலீஸ் மாதிரி கேள்வி மேல கேள்வி கேட்டார். அப்புறம் பானட்டை மூடிட்டு, 'எனக்குப் புரியல சார், வேற இடத்துல காட்டுங்க'ன்னுட்டார். தொழில் தெரியாத ஆள்."

"ரெண்டாவது?"

"பழனி ரோட்டுல பெரிய ஷெட். உட்கார சோபா, டீ, டிவி. நான் பேசி முடிக்கிறதுக்குள்ள கண்டுபிடிச்சுட்டாரு. பெட்ரோல் பம்ப்புன்னாரு. மாத்தினாரு. வீட்டுக்குப் போற வழியிலயே நின்னுச்சு."

"மூணாவது?"

"என் மச்சானோட சிநேகிதன். 'உங்க வண்டி என் வண்டி மாதிரி'ன்னு சொன்னான். பேட்டரிய மாத்தினான். அவன் கடை வாசல்லயே நின்னுச்சு. அவனே வந்து தள்ளிவிட்டான். அந்த வகைல நல்லவன்தான்."

சிகாமணி மேல்துண்டால் முகத்தைத் துடைத்தார்.

"பொண்ணுக்கு இப்ப ஏழாம் மாசம் சாமி. வெள்ளிக்கிழமை வளைகாப்பு. காரைக்குடில. அது முடிஞ்சதும் அவளை நாங்க கூட்டிட்டு வரணும். போன தடவை சம்பந்தி ஏறியிருந்தப்ப இந்த வண்டி நடுரோட்டுல நின்னுருச்சு. 'இதுல பிள்ளைத்தாய்ச்சிய ஏத்தி அனுப்ப மாட்டேன், பிரசவம் இங்கயே நடக்கட்டும்'ன்னுட்டார். என் வீட்டுக்காரி அழுதுக்கிட்டே இருக்கா."

"வாடகைக் கார்?"

"வாங்காதீங்கன்னு சம்பந்தி தலைதலையா அடிச்சுக்கிட்ட வண்டி இது. வாடகைக் கார்ல போய் அவர் வாசல்ல இறங்குறதா?"

சாமி கையைக் கழுவினார்.

"வண்டி எங்க?"

"வெளிய நிக்குது."

"ஒரு சுத்துப் போவோம்."

வாசலில் ஈரோட்டுக்காரர் ஒருவர் கண்ணை மூடி உட்கார்ந்திருந்தார். ஜவுளிக் கடை வைத்திருப்பவர். சாமியிடம் வந்து மௌன விரதம் எடுத்திருந்தார். சாமி தோளைத் தொட்டார். அவரும் எழுந்து வந்தார்.

ஈரோட்டுக்காரர் முன்னால் ஏறினார். சாமி பின்னால் ஏறி, கோயிலுக்குள் நுழைவதுபோலச் செருப்பைக் கழற்றிக் காலடியில் வைத்தார்.

கதவை மூடியதும் வாடை அடித்தது. ஊறவைத்து மறந்துபோன துணியின் வாடை. ஈரோட்டுக்காரர் துண்டால் மூக்கை மூடிக்கொண்டார். சாமி ஜன்னல் கைப்பிடியைச் சுற்றப் போனார். அது அசையவில்லை.

"அது இறுகிப் போச்சு சாமி. எங்க வண்டில பின் ஜன்னலைத் திறக்கிறதில்ல."

"ஏன்?"

"முந்தின வருஷம் ஐப்பசி மழைல வீட்டுக்காரி அதை மூடாம விட்டுட்டா. உள்ள பூரா நனைஞ்சுருச்சு. அந்த வாடைதான் இது. அதுலருந்து அவ ஜன்னல்ல கை வைக்கிறதில்ல. சித்திரை வெயில்லகூட மூடிக்கிட்டேதான் வருவா. நான் ஒண்ணும் திட்டுறதில்ல சாமி. வாடை அடிக்கிறப்ப மட்டும் ஞாபகப்படுத்துவேன்."

"எப்ப அடிக்கும்?"

"எப்பவும்."

வண்டி கிளம்பியது. பம்ப்செட்டைத் தாண்டியது. புளியமரங்களைத் தாண்டியது. பாலத்தின்மேல் ஏறும்போது நின்றது.

"பார்த்தீங்களா!" என்றார் சிகாமணி. அவர் குரலில் கொஞ்சம் சந்தோஷம்கூட இருந்தது.

சாமி வெறுங்காலுடன் இறங்கித் தள்ளினார். ஈரோட்டுக்காரரும் தள்ளினார். வண்டி உருண்டது. சிகாமணி ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு பிள்ளையாரை வேண்டினார்.

"கிளட்ச்ச விடுய்யா!"

பின்னாலிருந்து அந்தச் சத்தம் வந்தது. சாமியின் குரல் இல்லை. சாமி பக்கத்திலிருந்தவரைப் பார்த்தார். ஈரோட்டுக்காரர் இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டார்.

கிளட்ச்சை விட்டும் வண்டி கிளம்பவில்லை. இருவரும் திரும்ப உள்ளே ஏறி உட்கார்ந்தார்கள்.

சாமி செருப்பைத் தேடினார். ஒன்று இருந்தது. இன்னொன்று முன் சீட்டுக்கு அடியில் போய்விட்டது. குனிந்து கையை விட்டுத் துழாவினார். செருப்பு வந்தது. அதோடு வேறொன்றும் வந்தது.

சாமி அதை வேட்டியில் துடைத்தார். கையை நீட்டி, முன்னால் டேஷ்போர்டில் இருந்த பிள்ளையார் சிலைக்குப் பக்கத்தில் வைத்தார்.

ஒரு நத்தை ஓடு.

சிகாமணி அதைப் பார்த்தார். பிறகு சாலையைப் பார்த்தார். திரும்பவும் அதைப் பார்த்தார்.

"நத்தை" என்றார்.

சாமி பேசவில்லை.

"கீரைக் கட்டுல வந்திருக்கும்."

சாமி பேசவில்லை.

"இல்லன்னா அன்னைக்கு ஜன்னல் திறந்து கிடந்துச்சே, ஊர்ந்து வந்திருக்கும்."

சாமி பேசவில்லை.

"குழந்தைங்க கொண்டாந்து போட்டிருக்கலாம்."

"யாரு குழந்தைங்க?" என்றார் ஈரோட்டுக்காரர். விரதம்தான் ஏற்கெனவே போய்விட்டதே.

சிகாமணி ஸ்டியரிங்கை விட்டுக் கையை எடுத்தார்.

"அந்த மழைல ரயில்வே சுரங்கப் பாதைல தண்ணி நின்னுச்சு சாமி."

"ம்."

"ஒரு பஸ் இறங்கி ஏறிப் போச்சு. பஸ்ஸே போகுதேன்னு நானும் இறக்கிட்டேன். சீட்டு வரைக்கும் தண்ணி. எப்படியோ கரை ஏறிட்டேன். ரெண்டு நாள் ஆபீஸ் ஷெட்லயே போட்டுக் காய வச்சேன்."

"யார்கிட்டயாவது சொன்னீங்களா?"

"எப்படி சாமி சொல்றது? தண்ணில இறக்கினா வாரண்டி கிடையாதுன்னு கம்பெனில எழுதியே போட்டிருக்கான். ஒவ்வொரு சர்வீஸுக்கும் கேப்பான். தண்ணியே பார்க்காத வண்டின்னு சொல்லுவேன்."

"வீட்டுல?"

"அவளும் சர்வீஸுக்கு வருவாளே. அவளுக்குப் பொய் வராது சாமி, உளறிருவா. அதான் ஜன்னல்னு சொல்லி வச்சேன். அவ மழைக்கு முந்தின நாள் அந்தப் பக்கம்தான் உட்கார்ந்திருந்தா. உடனே நம்பிட்டா."

பாலத்துக்குக் கீழே யாரோ துணி துவைக்கும் சத்தம் கேட்டது.

"சிக்கந்தர் பாய் என்ன கேட்டார்?" என்றார் சாமி.

"அதைத்தான். தண்ணில இறங்குச்சா, தண்ணில இறங்குச்சான்னு. மாத்தி மாத்திக் கேட்டார். எனக்கு எரிச்சலே வந்துருச்சு."

"நீங்க?"

"தண்ணியே பார்க்காத வண்டின்னேன்."

"ஏன்?"

"வாரண்டி போயிருமே சாமி."

சொன்ன பிறகு சிகாமணியின் வாய் திறந்தபடியே இருந்தது.

ஈரோட்டுக்காரர் துண்டுக்குள் முகத்தை வைத்துக்கொண்டு குலுங்கினார்.

சிகாமணி எதற்கோ சாவியைத் திருப்பினார். வண்டி கிளம்பிவிட்டது. கொட்டகை வந்தது.

சாமி இறங்கினார்.

"சாமி, நான் கேட்டதுக்கு நீங்க பதிலே சொல்லலயே. யார்கிட்டப் போறது?"

"மூணு பேர்ல உங்களை நம்பாதது யாரு?"

சாமி புடலங்காயிடம் போய்விட்டார்.

*

சிகாமணி தனியாகப் போய் பாயின் காதில் சொல்லிவிட்டு வரலாம் என்று நினைத்திருந்தார்.

"இந்தத் தடவை நானும் வர்றேன்" என்றாள் அவர் மனைவி திலகவதி. "நீங்க வெள்ளை மனசுக்காரர். எவன்கிட்டயாவது போய் ஏமாந்துட்டு வர்றீங்க."

வியாழக்கிழமை காலையில் இருவரும் போனார்கள். வழியில் வளைகாப்புக்குக் கண்ணாடி வளையல் வாங்கினார்கள். வளையல் பெட்டி உடையாமல் முன் சீட்டில் இருந்தது. திலகவதி பின்னால் இருந்தாள். புரட்டாசி வெயில். ஜன்னல் மூடியிருந்தது. முந்தானையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டே வந்தாள்.

நத்தை ஓடு பிள்ளையாருக்குப் பக்கத்திலேயே இருந்தது. சாமி வைத்ததை எடுத்துப் போட சிகாமணிக்குத் தைரியம் இல்லை.

சிக்கந்தர் பாய் பானட்டைத் திறக்கவில்லை. டிரைவர் பக்கக் கதவில் கையை ஊன்றிக் குனிந்தார்.

"என்ன சார், வேற யாரும் சரி பண்ணலயா?"

"இல்ல பாய்."

"அன்னைக்குக் கேட்டதையேதான் இன்னைக்கும் கேக்கப் போறேன். கோவிச்சுக்கக் கூடாது."

"கேளுங்க."

"தண்ணில இறங்குச்சா?"

சிகாமணி கண்ணாடியில் பார்த்தார். கண்ணாடியில் திலகவதியின் நெற்றியும் கண்களும் தெரிந்தன. வாயைத் திறந்தார். மூடினார்.

"நான் சொல்றேன் பாய்" என்றாள் திலகவதி.

பாய் பின்பக்கம் திரும்பினார்.

"அது என் தப்புங்க. முந்தின வருஷம் ஐப்பசில இந்த ஜன்னலைத் திறந்து வச்சுட்டு இறங்கிட்டேன். விடிய விடிய மழை. எல்லாம் நனைஞ்சு போச்சு. இவர் உங்ககிட்ட மறைச்சிருந்தா அது எனக்காகத்தான். பொண்டாட்டி தப்பை வெளிய சொல்லக் கூடாதுன்னு நினைச்சிருப்பார். இவரை ஒண்ணும் நினைச்சுக்காதீங்க."

"ஜன்னல் தண்ணிக்கு இப்படி ஆகாதும்மா."

"நல்ல மழைங்க பாய்."

"எவ்வளவு மழைன்னாலும் ஆகாதும்மா."

"இல்ல பாய். நான்தான். வேற எப்படி ஆகும்?"

சிகாமணி பிள்ளையாரைப் பார்த்தார். பக்கத்தில் நத்தை.

"ஜன்னல் மூடித்தான் இருந்துச்சு" என்றார்.

"எந்த ஜன்னல்?" என்றாள் திலகவதி.

"எல்லா ஜன்னலும்."

பஸ் ஸ்டாண்டில் ஒரு கண்டக்டர் வத்தலக்குண்டு, வத்தலக்குண்டு என்று கூவிக்கொண்டிருந்தார்.

"சுரங்கப் பாதை பாய். பஸ் போச்சு. பின்னாலயே நானும் போயிட்டேன். தண்ணி சீட்டு வரைக்கும் வந்துச்சு."

பாயின் முகம் மலர்ந்துவிட்டது.

"சார்! இதை அன்னைக்கே சொல்லியிருக்கலாமே சார்! ராத்திரி படுத்தாக்கூட இந்த வண்டி ஞாபகம்தான் எனக்கு. தண்ணி போன வண்டி மாதிரியே இருக்கு, ஆனா படிச்ச மனுஷன் இல்லைங்கிறாரே, அப்ப எனக்குத்தான் தொழில் மறந்து போச்சோன்னு நினைச்சேன்."

அவர் சுற்றிப் போய் மறுபக்கக் கதவைத் திறந்து, வளையல் பெட்டியை மெதுவாக ஓரம் தள்ளி, சீட்டுக்கு முன்னால் தரையில் இருந்த விரிப்பைத் தூக்கினார். அடியில் வயர்கள் சேருமிடத்தில் பச்சைக் களிம்பு பூத்திருந்தது.

"இங்க பாருங்க. இவ்வளவுதான். வண்டி ஆடுறப்ப இது தொட்டும் தொடாமலும் நிக்கும். சுத்தம் பண்ணி வேற போட்டுருவேன். சாயங்காலம் எடுத்துக்கங்க. காரைக்குடிக்குத் தாராளமா போகலாம், பொண்ணை ஏத்திக்கிட்டுத் தாராளமா வரலாம். நான் பொறுப்பு."

அவர் சாமான் எடுக்க உள்ளே போனார்.

சிகாமணி கண்ணாடியைப் பார்க்கவில்லை.

பின்னாலிருந்து ஒரு சத்தம் வந்தது. இறுகிப்போன ஏதோ நகரும் சத்தம். க்ரீச் என்று கொஞ்சம். நின்றது. இன்னும் கொஞ்சம். திலகவதி இரண்டு கையாலும் கைப்பிடியைச் சுற்றிக்கொண்டிருந்தாள். ஜன்னல் கண்ணாடி பாதிவரை இறங்கியது. பிறகு முழுக்க இறங்கியது. டீக்கடையின் வடை வாசனை உள்ளே வந்தது.

அவள் தலையை வெளியே நீட்டினாள்.

"பாய்!"

"சொல்லுங்கம்மா."

"அவசரமில்ல. நிதானமாப் பாருங்க. நாங்க இங்கயே பேசிக்கிட்டிருக்கோம்."

சிகாமணி மெதுவாகக் கதவைத் திறந்து ஒரு காலை வெளியே வைத்தார்.

"நீங்க எங்க இறங்குறீங்க?" என்றாள் திலகவதி. "உக்காருங்க."