பல்லி பார்த்த தேர்தல்

ஒரு கல்யாண மண்டபத்துச் சமையல்கட்டில் பாத்திரங்கள் எல்லாம் கூடித் தலைவர் தேர்தல் வைத்தன. பன்னிரண்டு வருஷமாக அண்டாதான் தலைவர். ஜன்னலோரம் அவருக்கு, கரி படிகிற மூலை சின்னப் பாத்திரங்களுக்கு. இந்தத் தடவை ஜல்லிக்கரண்டி எதிர்த்து நின்றாள். ஆளுக்கொரு புளியங்கொட்டை ஓட்டு. அதைப் போட இரண்டு கொட்டாங்கச்சி.

தேர்தல் ஒழுங்காக நடந்ததா என்று சொல்ல உள்ளூர் ஆள் சரிப்படாது என்று, பக்கத்து அரிசி ஆலைப் பல்லியை அழைத்தார்கள். அவள் பார்த்ததைக் கேட்டுத்தான் தேர்தல் செல்லுமா செல்லாதா என்று முடிவு.

பல்லி சுவரில் ஏறினாள். "யார் பூச்சியும் எனக்கு வேண்டாம். தப்பு நடந்தா கைவைக்க மாட்டேன், எழுதிக்குவேன். எண்ணி முடிக்கிற வரைக்கும் 'இச்'சுன்னு ஒரு சத்தம் வராது."

கடைசியில் சொன்னதுதான் கஷ்டம். அண்டா சுவரோரம் நகர்ந்து வந்து, "இந்தத் தடவையும் நான்தான்!" என்று உரக்கச் சொல்லிவிட்டு மேலே பார்த்துக் காத்திருந்தார். பல்லி ஒரு 'இச்' போட்டால் போதும், நல்ல சகுனம் என்று பாதி ஓட்டு விழுந்துவிடும். பல்லிக்குத் தொண்டை அரித்தது. கண்ணையாவது மூடிக்கொள்ளலாம் என்றால் பல்லிக்கு இமை கிடையாது.

ஜல்லிக்கரண்டி ஓர் ஈசலை நீட்டினாள். "சும்மா, விருந்தாளிக்குத்தான் அக்கா."

"விருந்தாளி வந்தா குடு தாயி. நான் வேலைக்கு வந்திருக்கேன்."

அந்த நேரம் அண்டாவின் மூடி, நூறு டம்ளர்களின் கொட்டைகளையும் அள்ளி அண்டா அண்ணாச்சியின் கொட்டாங்கச்சியில் கொட்டியது. "பொடிசுகளுக்கு என்ன தெரியும்? நானே போட்டுட்டேன்."

பல்லி எழுதிக்கொண்டாள்.

"தடுக்க மாட்டியா அக்கா?" ஜல்லிக்கரண்டி பதறினாள்.

"தடுத்தா நானும் உன்கூட நின்ன மாதிரி ஆயிடும். உன் ஈசலையும் எழுதியிருக்கேன்."

"அதையுமா!"

எண்ணினார்கள். அண்டா ஜெயித்தார். பல்லி தன் அறிக்கையைப் படிப்பதற்குக் கீழே இறங்கியதும் மூடி 'டங்'கென்று அவள் வால்மேல் உட்கார்ந்தது.

"டம்ளருங்க தானா வந்து போட்டதுன்னு படி. இல்லேன்னா வாலை மறந்துடு."

பல்லி கொஞ்சம் யோசித்தாள். வால் இல்லாவிட்டால் இரண்டு மாசம் சுவரில் தடுமாற வேண்டும். ஆலையில் கேலி வேறு. அப்புறம் ஒரு இழுப்பு இழுத்தாள். வால் அங்கே, அவள் சுவரில்.

"நூறு டம்ளர் ஓட்டு. போட்டது மூடி," என்று படித்தாள். டம்ளர்கள் கடகடவென்று உருண்டு வந்து, கொட்டையைத் திருப்பிக் கொடு, நாங்களே போடுகிறோம் என்று நின்றன.

மூடிக்கு வேறு வழி தெரியவில்லை. தன்னடியில் துடிக்கும் வாலைக் காட்டிக் கத்தியது: "அவ படிக்கிறதை நம்பாதீங்க! இங்க பாருங்க, அண்ணாச்சி ஜெயிச்ச சந்தோஷத்துல பார்வையாளரே ஆடுறாங்க!"

பல்லி அறிக்கையில் கடைசியாக ஒரு வரி சேர்த்தாள்: "மூடிக்கு அடியில் ஆடுவது பார்வையாளர் அல்ல."